இரு கைகளின் கலை

விருத்தாசலம் பழம்பெருமை வாய்ந்த ஊர். திருமுதுகுன்றம் என்பது அதன் பழைய பெயர். மணிமுத்தாற்றின் கரையில் பழமலைநாதர் கோயில் கொண்டு விளங்குவதால், அவ்வூர் நெடுங்காலமாகத் தமிழ் மக்களால் போற்றப்பட்டு வருகிறது. இருபதாம் நூற்றாண்டில் அவ்வூருக்கு மற்றொரு சிறப்பும் வந்து சேர்ந்தது. அதுவே பீங்கான் தொழில். அகல் விளக்குகள், கொலுப் பொம்மைகள், கிண்ணங்கள், மின்சாரத்தைத் தடுத்துக் காக்கும் பீங்கான் பொருள்கள் முதலிய பலவும் அங்கே உருவாகின்றன. அத்தொழிலைக் கற்பிக்கும் பயிலகமும் அவ்வூரில் உண்டு.

பீங்கான் பொம்மை ஒன்று உருவாகும் முறையைச் சற்று எண்ணிப் பாருங்கள். வெண்களிமண்ணையும் கற்பொடிகளையும் நீர் சேர்த்து அரைத்துக் குழம்பாக்குகிறார் ஒருவர். அக்குழம்பைப் பாரிஸ் சாந்தினால் ஆகிய அச்சில் ஊற்றுகிறார் மற்றொருவர். அச்சு, குழம்பிலுள்ள நீரை உறிஞ்சிக்கொள்ளுகிறது. உட்சுவரை ஒட்டி மெல்லிய தோல் போலக் களிமண் படிகிறது. எஞ்சிய குழம்பைக் கவிழ்த்துவிட்டால், உள்ளே கூடான பொம்மை நிற்கும். அதனைப் பதமாக வெளியே எடுத்து, பிசிறு நீக்கி, ஈரத்துணியால் துடைத்து உலர்த்துவது இன்னொருவர் வேலை. சூளையில் அடுக்குவதற்கு ஒருவர். வெப்பத்தைக் காப்பதற்கு ஒருவர். மெருகுக் கரைசலில் தோய்ப்பதற்கு ஒருவர். தூரிகை கொண்டு கண்ணும் புருவமும் எழுதுவதற்கு ஒருவர். இவ்வேலைகளிலே பெண்கள் பலர் ஈடுபட்டிருக்கின்றனர்.

இறுதியில் பொம்மை கடைக்கு வருகிறது. நாம் அதனை விலை கொடுத்து வாங்குகிறோம். கொலுப்படியில் அழகுற வைக்கிறோம். 'இதனைச் செய்தவர் யார்?' என்று ஒரு விருந்தினர் வினவினால், நம்மால் விடை கூற இயலுமா? பல கைகள் சேர்ந்து செய்த அப்பொம்மையில் ஒருவர் பெயரும் இல்லை.

ஓவியத்தின் நிலை இதற்கு மாறானது. ஓவியத்தின் மூலையில் ஓவியர் தம் பெயரைப் பொறிக்கிறார். அதனால் அப்படைப்பு முழுவதும் அவர் ஒருவருடையதே என்று நாம் கருதுகிறோம். ஆயினும் ஓவியரும் வெற்றுவெளியில் வாழ்பவர் அல்லர். அவருக்கு இல்லம் உண்டு, உணவு வேண்டும், வண்ணம் வாங்கப் பொருள் வேண்டும், சோர்ந்த பொழுதிலே தேறுதல் கூறும் ஒருவர் வேண்டும். அவ்வாறு உடன் நிற்பவருள் முதன்மையானவர் அவர்தம் வாழ்க்கைத் துணைவியே ஆவர். ஓவியரையும் அவர் மனைவியையும் ஒருங்கே நிறுத்திக் காட்டும் கண்காட்சிகள் நம் காலத்தில் நடைபெறுவதற்கு இதுவே காரணம்.

அத்தகைய கண்காட்சி ஒன்று ஹாலந்து நாட்டில் லேவார்டன் நகரத்திலுள்ள பிரீஸ் அருங்காட்சியகத்தில் 2018-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி, 2019-ஆம் ஆண்டிலும் நடைபெற்றது. உலகப் பெரும் ஓவியர்களுள் ஒருவராகிய ரெம்பிராண்டும் அவர் மனைவி சாஸ்கியாவும் அக்கண்காட்சியின் பொருளாயினர். லேவார்டன், சாஸ்கியா பிறந்த ஊர். அந்நகர்த் தலைவர்களுள் ஒருவருக்கு மகளாக 1612-இல் அவர் தோன்றினார். ஆம்ஸ்டர்டாமில் ஓவிய வணிகம் புரிந்த உறவினர் ஒருவர் வாயிலாக ரெம்பிராண்டுக்கும் அவருக்கும் அறிமுகம் ஏற்பட்டது. 1633-ஆம் ஆண்டு சூன் திங்களில் மணம் உறுதி செய்யப்பட்டது. மூன்றாம் நாள், ரெம்பிராண்ட் வெள்ளிமுனைக் கோல் கொண்டு சாஸ்கியாவின் உருவத்தை வரைந்தார். அகன்ற வைக்கோல் தொப்பியும், கையிலே ஒரு மலரும், முகத்திலே இளநகையும் கொண்ட அச்சிறு படம் இன்றும் பெர்லின் நகரத்தில் உள்ளது. வரைந்த நாளையும், வரையப்பட்டவர் தம் மனைவியாகப் போகின்றவர் என்பதையும் ரெம்பிராண்ட் அப்படத்தின் அடியில் தம் கையாலேயே குறித்து வைத்திருக்கிறார்.

1634-இல் திருமணம் நடந்தது. அதன் பின்னர், மலர்த் தெய்வமாகவும், விலையுயர்ந்த ஆடை பூண்ட சீமாட்டியாகவும் ரெம்பிராண்டின் ஓவியங்களிலே சாஸ்கியாவின் முகம் மீண்டும் மீண்டும் தோன்றியது. ஆனால் வாழ்வு ஓவியம் போல் ஒளி நிறைந்ததாக அமையவில்லை. பிறந்த குழந்தைகள் நால்வருள் மூவர் கைக்குழந்தைகளாகவே மாண்டனர். 1641-இல் பிறந்த டைட்டஸ் ஒருவனே பிழைத்தான். அடுத்த ஆண்டு சூன் திங்களிலே, முப்பது வயது நிரம்புமுன் சாஸ்கியாவும் மறைந்தார். அதே 1642-ஆம் ஆண்டிலேதான் ரெம்பிராண்ட், 'இரவுக் காவல்' என்னும் புகழ்பெற்ற பேரோவியத்தை முடித்தார். உலகம் போற்றும் ஓவியம் நிறைவுற்ற ஆண்டும், இல்லத்தின் விளக்கு அணைந்த ஆண்டும் ஒன்றே!

ரெம்பிராண்டின் படங்கள் சாஸ்கியாவின் முகத்தை நமக்குக் காட்டுகின்றன. அவர் கை செய்த பணிகளைக் காட்டவில்லை. ஓவியரின் மனைவி, படத்தினுள்ளே அமர்ந்திருப்பவராக மட்டுமே பன்னூறு ஆண்டுகள் கருதப்பட்டு வந்தார். படத்தின் வெளியே நின்று, தாமும் தூரிகை பிடித்த மனைவியர் இல்லையா? உண்டு. அவர்களைக் காண நாம் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. விருத்தாசலத்திலிருந்தே ஒரு கலைப்பயணம் புறப்படுவோம்.

கிழக்கு நோக்கிச் செல்லும் சாலையில் முதலில் நெய்வேலி வருகிறது. அங்கே பழுப்பு நிலக்கரி அகழப்படுகிறது. நிலத்தடியிலிருந்து களிமண்ணும் கிடைக்கிறது. வடலூரையும் கடலூரையும் கடந்தால் புதுச்சேரியை அடையலாம். புதுச்சேரியிலே 1971-ஆம் ஆண்டு ஒரு மட்கலக் கூடம் தோன்றியது. 'கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி' என்பது அதன் பெயர். அதனை நிறுவியவர்கள் அமெரிக்க நாட்டினராகிய டெபோரா ஸ்மித் அம்மையாரும் ரே மீக்கரும் ஆவர். இருவரும் வாழ்க்கைத் துணைவர். இருவரும் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மட்கலக் கலை பயின்றவர். டெபோரா அம்மையார் ஜப்பான் நாட்டுக்கும் சென்று, மட்கலத் தொழிலுக்குப் பெயர் பெற்ற பிசென் என்னும் இடத்தில் பயிற்சி பெற்றவர். புதுச்சேரிக்கு முதலில் வந்தவரும் அவரே. கணவர் தொடங்கிய தொழிலுக்கு மனைவி துணை நின்றார் என்று பொதுவாகக் கூறும் வழக்கத்தை, இவர்கள் வரலாறு சற்றே மாற்றிக் காட்டுகிறது.

அக்கூடத்திலே இருவரும் பணியைப் பகுத்துக்கொண்டனர். நாள்தோறும் மக்கள் கையாளும் கோப்பை, தட்டு, கிண்ணம் முதலியவற்றை வடிவமைத்தலும், அவற்றின்மீது மெருகும் தூரிகைக் கோலமும் இடுவித்தலும் டெபோரா அம்மையாரின் பொறுப்பாயின. சூளை அமைத்தலும், மாணவர்க்குக் கற்பித்தலும், ஆளுயரச் சிற்பங்களைச் சுடுதலும் ரே மீக்கரின் பணியாயின. மண்ணால் கட்டிய ஒரு வீட்டையே சூளையாக்கி, அதனுள்ளே பச்சைச் செங்கற்களை அடுக்கித் தீ மூட்டி, வீடு முழுவதையும் ஒரே மட்கலம் போலச் சுட்டெடுக்கும் அரிய சோதனையையும் அவர் 1980-களில் செய்து பார்த்தார். சூளையின் இயல்பை அறிந்த விருத்தாசலத்து மாணவர்க்கு இச்செய்தி பெருவியப்பைத் தருமன்றோ!

கண்காட்சிக் கூடத்தில் இவ்விருவர் படைப்புகளையும் அருகருகே வைத்தால், நம் கண் முதலில் எதனை நோக்கும்? வாயிலை அடைத்து நிற்கும் பெருஞ்சிற்பத்தையே நோக்கும். உள்ளங்கையில் அடங்கும் கோப்பை நம் கண்ணுக்குத் தப்பிவிடலாம். ஆயினும் சிற்பம் சில கூடங்களில் நிற்கும். கோப்பையோ பல இல்லங்களில் நாளும் உதடு தொட வாழும். அக்கூடத்தில் தொழில் கற்ற உள்ளூர்த் தொழிலாளர் சிலர் பின்னர்த் தாமே மட்கலக் கூடங்கள் அமைத்தனர். புதுச்சேரிப் பகுதியே மட்கலங்களுக்குப் பெயர் பெறலாயிற்று. ஆதலால் அளவிற் சிறியது பயனிற் சிறியது என்று எண்ணுதல் தவறு.

புதுச்சேரியை விட்டுக் கடற்கரைச் சாலை வழியே வடக்கு நோக்கிச் செல்வோம். சென்னையை நெருங்குகையில் ஈஞ்சம்பாக்கம் என்னும் ஊர் வரும். அங்கே அமைந்திருப்பது சோழமண்டல ஓவியர் கிராமம். அதன் தோற்றத்தை அறிய வேண்டுமாயின், சென்னையிலுள்ள கலைக் கல்லூரியின் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும். அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் 1850-இல் அதனைத் தொடங்கினார். ஓவியத்தோடு மட்கலம் முதலிய கைத்தொழில்களும் அங்கே இடம் பெற்றன. ஓவியமும் களிமண்ணும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்த அக்கல்லூரியில், 1957-இல் கே.சி.எஸ். பணிக்கர் முதல்வரானார்.

பணிக்கரின் உள்ளத்தை ஒரு கவலை வாட்டியது. கல்லூரியை விட்டு வெளியேறிய மாணவர்கள் பிழைப்பின் பொருட்டு ஏதேனும் ஒரு வேலையைத் தேடிச் சென்றனர்; ஓவியத்தைக் கைவிட்டனர். அதனைத் தடுக்க வழி என்ன? கலைஞர்கள் கைத்தொழில் செய்து பொருளீட்டுதல் வேண்டும். அப்பொருளைக் கொண்டு ஓவியத்தை வளர்த்தல் வேண்டும். இதுவே அவர் கண்ட வழி. கலைஞர்கள் ஒன்றுகூடித் துணியிலே மெழுகுச் சாயம் தீட்டினர். துணியில் வண்ணம் ஏற வேண்டாத இடங்களில் உருக்கிய மெழுகைப் பூசி, சாயத்தில் தோய்த்து, பின்னர் மெழுகை நீக்கினால் அழகிய உருவம் தோன்றும். 'பத்திக்' எனப்படும் அத்துணிகளை விற்று வந்த பொருளால் நிலம் வாங்கினர். 1966-இல் ஓவியர் கிராமம் உருவாயிற்று. இன்று அங்கே, சென்னையில் தோன்றிய புதிய ஓவிய மரபை விளக்கும் அருங்காட்சியகமும் உண்டு.

பணிக்கரிடம் பயின்றவர்களுள் டி.கே. பத்மினி என்பவர் குறிப்பிடத்தக்கவர். கேரளத்துப் பொன்னானிப் பகுதியில் 1940-இல் பிறந்த அவர், பெண்கள் ஓவியராதல் அரிதாயிருந்த காலத்தில் சென்னைக்கு வந்து கலை பயின்றார். உடன் பயின்ற ஓவியர் கே. தாமோதரன் அவருக்குக் கணவரானார். கணவரும் ஓவியர், மனைவியும் ஓவியர். பத்மினியின் படங்களிலே கிராமத்துப் பெண்கள், மரங்கள், வயல்கள், தனிமையான நிலக்காட்சிகள் ஆகியவை செறிந்த வண்ணத்தில் தோன்றுகின்றன. 1969-ஆம் ஆண்டு மே திங்களில் மகப்பேற்றின்போது அவர் உயிர் நீத்தார். அவருக்கும் முப்பது வயது நிரம்பவில்லை.

சாஸ்கியாவையும் பத்மினியையும் இங்கே ஒருசேர எண்ணிப் பாருங்கள். இருவரும் ஓவியரை மணந்தவர். இருவரும் இளமையிலேயே மறைந்தவர். மூன்று நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி இருவரையும் பிரிக்கிறது. முன்னவர் விட்டுச் சென்றது தம்மைப் பிறர் வரைந்த முகம். பின்னவர் விட்டுச் சென்றது தம் கையால் தாமே வரைந்த இருநூறுக்கும் மேற்பட்ட படைப்புகள். இந்த ஒரு வேறுபாட்டிலே பெண்கல்வியின் பயன் முழுவதும் அடங்கியிருக்கிறது. பள்ளிக்கும் கல்லூரிக்கும் செல்லும் வாய்ப்பு ஒரு பெண்ணுக்குக் கிடைக்குமாயின், அவள் படத்தின் பொருளாக அமைவதோடு நில்லாமல், படைப்பவளாகவும் ஆகிறாள்.

ஓவியர் கிராமத்தில் வாழ்ந்த மற்றோர் இணையர் எஸ்.ஜி. வாசுதேவும் அர்நவாஸும் ஆவர். வாசுதேவ் 1941-இல் மைசூரில் பிறந்தவர். சென்னைக் கல்லூரியில் பயின்றவர். கிராமத்தை உருவாக்கியவர்களுள் ஒருவர். செப்புத் தகட்டில் புடைப்புருவம் சமைப்பதிலும் அவர் வல்லவர். அதே கல்லூரியில் பயின்ற அர்நவாஸும் ஓவியராகவே வாழ்ந்தார். ஓர் இல்லத்தில் இரு தூரிகைகள் இயங்கின. வாசுதேவின் படைப்புகளிலே மரம் ஒரு முதன்மையான உருவம். அடிமரத்திலிருந்து விரியும் கிளைகளுக்கும் இலைகளுக்கும் இடையே பல உயிர்கள் ஒளிந்து தோன்றும். 'அவனும் அவளும்' என்னும் பொருளிலும் அவர் ஒரு வரிசை ஓவியங்கள் தீட்டியிருக்கிறார். ஆணும் பெண்ணும் அவற்றில் இரு முகங்களாக எதிரெதிர் நின்று உரையாடுவது போலத் தோன்றும்.

அர்நவாஸ் 1988-இல் காலமானார். ரெம்பிராண்ட் தம் மனைவியின் நினைவை ஓவியத்தில் நிலைநிறுத்தினார். வாசுதேவோ அர்நவாஸின் பெயரால் ஓர் அறக்கட்டளை அமைத்து, கலை பயிலும் மாணவர்க்கு உதவித்தொகை கிடைக்கச் செய்தார். மறைந்த ஓவியரின் பெயர், இனி வரப்போகும் ஓவியர்க்கு வண்ணமும் தாளும் வாங்கித் தருகிறது! கூடத்தின் சுவரில் தொங்கும் படத்தைப் போலவே இதுவும் ஒரு நினைவுச் சின்னம் அன்றோ?

இனி, இத்தகைய கண்காட்சியைக் காணும் முறையைக் கூறுவோம். பலர் கண்காட்சிக் கூடத்திலே சந்தையில் நடப்பதுபோல் விரைந்து நடப்பர். 'நன்று, நன்று' என்று கூறிக்கொண்டே வாயிலை அடைந்துவிடுவர். அதனாற் பயன் இல்லை. கூடத்தை ஒருமுறை சுற்றி வந்த பின்னர், உள்ளத்தைக் கவர்ந்த இரண்டு மூன்று படங்களின் முன் நெடுநேரம் நிற்றல் வேண்டும். முதலில் சற்றுத் தொலைவில் நின்று முழுப் படத்தையும் நோக்குக. பின்னர் அருகே சென்று, தூரிகை சென்ற வழியையும் வண்ணத்தின் படிவையும் நோக்குக. ஆனால் விரலால் தொடாதீர்கள். விரலின் ஈரமும் எண்ணெயும் ஓவியத்துக்குக் கேடு விளைக்கும்.

படத்தின் அருகே ஒரு சிறு சீட்டு இருக்கும். படைத்தவர் பெயர், ஆண்டு, பயன்படுத்திய பொருள் ஆகியன அதில் எழுதப்பட்டிருக்கும். ஆண்டு என்பது வெறும் எண் அன்று. ஜெர்மனியிலுள்ள காசல் நகரத்தில் சாஸ்கியாவின் ஓவியம் ஒன்று இருக்கிறது. ரெம்பிராண்ட் அதனை ஏறத்தாழ 1633-இல் தொடங்கி, 1642-இல் முடித்தார் என்று அறிஞர் கருதுவர். அஃதாவது, மணம் உறுதியான காலத்தில் தொடங்கிய படம், மனைவி இறந்த ஆண்டிலேதான் நிறைவுற்றது. அவ்வாண்டுகளை அறிந்தபின், சிவந்த பட்டாடையும் அணிகலன்களும் முன்போல் மகிழ்ச்சி மட்டும் தருவதில்லை. நம் நெஞ்சு நெகிழ்கிறது.

சீட்டைப் படித்தபின், நீங்கள் உங்களையே சில வினாக்கள் கேட்டுக்கொள்ளுங்கள். இப்படத்தில் காணப்படுபவர் யார்? இதனைத் தீட்டியவர் யார்? தீட்டுவதற்கு வேண்டிய பொருளையும் பொழுதையும் தந்தவர் யார்? கணவர் படைப்பு எத்தனை, மனைவி படைப்பு எத்தனை, எவை கூடத்தின் நடுவிலும் எவை மூலையிலும் வைக்கப்பட்டுள்ளன? இவ்வினாக்களோடு நடப்பவர்க்குக் கண்காட்சி வரலாற்று நூல் போலப் பக்கம் பக்கமாக விரியும். இல்லாதவர்க்கு அது வண்ணம் பூசிய சுவராகவே நின்றுவிடும்.

ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். மனைவியைப் போற்றுவதற்காகக் கணவரின் ஆற்றலைக் குறைத்துக் கூற வேண்டுவதில்லை. ரெம்பிராண்டின் ஒளியும் நிழலும் ரெம்பிராண்டுக்கே உரியவை. அவ்வாறே, மனைவி உடன் இருந்தார் என்பதற்காக இல்லாத படைப்பை அவர்மீது ஏற்றிக் கூறுவதும் பொருந்தாது. அவரவர் செய்ததை அவரவர்க்கு உரியதாகக் கூறுதலே நேர்மை. ஓவியத்தைச் சுவைப்பதற்கு அழகுணர்ச்சி வேண்டும். ஓவியரின் இல்லத்தை அறிவதற்கு நடுவுநிலைமையும் வேண்டும்.

நம் பயணம் நிறைவுற்றது. மீண்டும் விருத்தாசலத்துக்கே வந்துவிட்டோம். பீங்கான் கூடத்தின் வரிசைப் பலகையிலே பொம்மைகள் வண்ணத்துக்காகக் காத்திருக்கின்றன. தாழ்ந்த இருக்கையில் அமர்ந்த ஒரு பெண்மணி, மெல்லிய தூரிகையைத் தோய்த்து, பொம்மையின் கண்ணை ஒரே வீச்சில் எழுதி முடிக்கிறார். கை நடுங்கவில்லை, கோடு பிசகவில்லை. அவ்வளவு நேரம் வெறும் களிமண்ணாயிருந்த பொம்மை நம்மைப் பார்க்கிறது. அக்கோட்டின் கீழே பெயர் எழுத இடம் இல்லை.

அடுத்த முறை உங்கள் இல்லத்துக் கொலுவில் ஒரு பொம்மையை எடுத்து வைக்கும்பொழுது, அதன் கண்ணைச் சற்று உற்று நோக்குங்கள். அதனை எழுதிய கை உங்கள் ஊரிலேயே, உங்கள் தெருவிலேயே, ஒருவேளை உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். சென்று அவர் பெயரைக் கேளுங்கள்.